காய்ந்த மண் இழுக்காத இடம்

காலையில் பேசி முடித்துத் தேநீருக்கு எழுந்தபோது, சுகாதார ஊழியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், நோயாளிங்க இன்னமும் உடம்பெல்லாம் புற்றுமண்ணைப் பூசிக்கிட்டுத்தான் வாராங்க. பாத்தாலே கோவம் வருது. நீங்க என்ன செய்வீங்க?"

அப்போது சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். ஒரு வரியில் சொல்லக்கூடிய பதிலாக எனக்குத் தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன். தேமலை எப்படிப் பார்ப்பது, நரம்பை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. ஒரு பெண்ணின் கதையை மட்டும் சொல்கிறேன்.

அப்போது தொழுநோய்க்கென்று தனிப் பிரிவு இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் என் பகுதி. வீடு வீடாகப் போய் உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று பார்ப்பதும், இருந்தால் டாக்டரிடம் அனுப்பி மாத்திரை கொடுப்பதும் வேலை. எனக்கு ஊரில் 'குஷ்ட இன்ஸ்பெக்டர்' என்று பெயர். நான் இன்ஸ்பெக்டர் இல்லை, கடைசிப் படியில் இருந்த ஊழியன். அதைச் சொன்னால் யாரும் கேட்கவில்லை.

என் முகத்தைவிட என் சைக்கிள்தான் ஊருக்கு அதிகம் பழக்கம். அது ஒரு வாசலில் நின்றால் போதும், அந்த வீட்டில் யாருக்கோ நோய் என்று தெருவே முடிவு கட்டிவிடும். ஒரு தடவை சங்கிலி கழன்று ஒரு வீட்டு முன்னால் நிறுத்தி மாட்டினேன். மறுநாள் அந்த வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "சார், வீட்டுல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கோம். இனிமே எங்க தெருவுல சங்கிலி கழண்டா உருட்டிக்கிட்டே தாண்டிப் போயிருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதிலிருந்து எந்தத் தெருவில் நுழைந்தாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பதற்றம் இருக்கும். நோய் செய்வதைவிடப் பெரிய கெடுதலை என் சைக்கிள் செய்துவிடுமோ என்கிற பதற்றம்.

எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்ணைத்தான் பிரசாதமாகக் கொடுப்பார்கள், அது இல்லாத வீடு கிடையாது. அரிப்பு, படை, சிரங்கு, வேர்க்குரு எதுவானாலும் முதலில் அதைத்தான் தண்ணீரில் குழைத்துப் பூசுவார்கள். கோடையில் வேர்க்குருவுக்கு நானும் பூசியிருக்கிறேன். குளிர்ச்சியாகத்தான் இருக்கும். காயும்போது தோலைப் பிடித்து லேசாக இழுக்கும். அது ஒரு சுகம்.

செண்பகம் பூக்கடை வைத்திருந்தாள். கடை என்றால் ஒரு சாக்கும் அதன்மேல் ஒரு கூடையும்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். கணவன் முருகையா தறியில் வேலை பார்த்தான். பெண் ஒன்று, பையன் ஒன்று, இருவருமே சின்னப் பிள்ளைகள். என் மனைவி பார்வதி அவளிடம்தான் தினமும் பூ வாங்குவாள். அன்று பார்வதிக்கு முடியவில்லை என்று நான் போயிருந்தேன்.

பிச்சிப்பூவைக் கட்டிக்கொண்டே பக்கத்துக் கடைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். கழுத்தில் புற்றுமண். இடது முன்கையிலும் புற்றுமண், காய்ந்து வெடித்திருந்தது. நான் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், வெயில் அதிகமா என்று.

"ஆமா அண்ணாச்சி, கழுத்தெல்லாம் வேர்க்குரு. மண்ணு போட்டா நல்லாத்தான் இருக்கு. காயக் காய வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கும். ஆனா பாருங்க, இந்தக் கையில போட்டது மட்டும் இழுக்கவே மாட்டேங்கு. பூசினதும் தெரியல, காஞ்சதும் தெரியல. கோயில் மண்ணு, அங்கன மட்டும் பூ மாதிரி உக்காந்திருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உணர்ச்சி செத்த தோலுக்குத்தான் மண் இழுப்பது தெரியாது. அவள் விரல்களைப் பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியே விலகி, கொஞ்சம் மடங்கி நின்றது. நார் அடிக்கடி நழுவியது. ஒவ்வொரு தடவையும் அவள் அதை வலது கையால் இழுத்துச் சரிசெய்துகொண்டாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்துக் கடைக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியும். அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாலே போதும், பேச்சு கிளம்பிவிடும். பூவை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்குப் போனால் சைக்கிள் காட்டிக்கொடுக்கும். தேமல் பார்க்கிற நாளில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் அங்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் அவளிடம் பூ வாங்குகிறவர்கள். அவள் விற்பதோ சாமிக்கும் கல்யாணத்துக்கும் போகிற பூ. இந்த நோய் என்று ஒரு சொல் வெளியே வந்தால் அவள் கூடையை யாரும் தொட மாட்டார்கள். சரி, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றால், மடங்கத் தொடங்கிய விரல் பொறுக்காது. நரம்பு ஒருமுறை செத்துவிட்டால் எந்த மாத்திரையும் அதைத் திருப்பிக் கொண்டு வராது. பூக்கட்டுகிறவளுக்கு விரல் போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

பார்வதியிடம் சொன்னேன். வீட்டில் ஒரு வளைகாப்பு, பூக்கட்ட வேண்டும் என்று அவளை வரவழைத்துவிடலாம் என்பது என் யோசனை.

"பொய் சொல்லிக் கூப்பிடச் சொல்லுதியளா?" என்றாள் பார்வதி. "வந்த பிறகு நீங்க பஞ்சும் ஊசியுமா முன்னால உக்காந்தா அவளுக்கு எப்படி இருக்கும்? அப்புறம் நீங்க சொல்லுத எதை அவ நம்புவா? நான் உள்ளதைச் சொல்லியே கூப்பிடுதேன்."

"எல்லாரும் இருப்பாங்களே."

"எனக்குத் தெரியாதா அது?"

மறுநாள் பார்வதி, பூ வாங்கக் குனிந்தபோது என்ன சொன்னாளோ, மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் செண்பகம் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு வழியாக வந்தாள். சேலைத் தலைப்பால் கையை மூடியிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

மண்ணைக் கழுவினால்தான் பார்க்க முடியும். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கோயில் மண்ணு அண்ணாச்சி. சாக்கடையில போகக் கூடாது." எனக்கு எரிச்சலாக வந்தது. பார்வதி எதுவும் பேசாமல் பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்து, அதில் அவள் கையைப் பிடித்துக் கழுவினாள். மண் கரைந்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். அது முடியும்வரை நான் காத்திருந்தேன். இதையும் வேலை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றியிருந்தால் அடுத்த ஐந்து நிமிஷம் எனக்குக் கிடைத்திருக்காது.

மண்ணுக்குக் கீழே, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், வெளுத்த தேமல் ஒன்று. உள்ளங்கை அகலம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு படுகிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். வலது கையில் பட்டதைக் காட்டினாள். கழுத்தில் பட்டதைக் காட்டினாள். தேமலில் வைத்தேன். அவள் கண்ணை மூடியபடி காத்திருந்தாள். மறுபடி வைத்தேன். காத்திருந்தாள்.

"தொடலையா இன்னும்?" என்று கண்ணைத் திறந்தாள். பஞ்சு அவள் கைமேல்தான் இருந்தது.

அதைப் பார்த்தாள். பிறகு பார்வதியைப் பார்த்தாள். "அந்த நோயா மதினி?" என்று அவளிடம்தான் கேட்டாள்.

நோயை உறுதிசெய்ய எனக்கு அதிகாரம் இல்லை. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று எழுந்துவிடலாம், விதியும் அதுதான். ஆனால் அவள் அந்தச் சொல்லோடு தனியாக வீட்டுக்குப் போவாளே என்று பயமாக இருந்தது. அப்படிப் போனவர்கள் கிணற்றைத் தேடிய கதை எனக்குத் தெரியும். "அப்படித்தான் நெனைக்கேன்மா. டாக்டர் பாத்து முடிவு சொல்லணும். இதுக்கு மாத்திரை இருக்கு. கையைக் காப்பாத்தலாம்" என்றேன்.

அவள் அழவில்லை. "நான் கட்டுன பூ எத்தனை வீட்டுச் சாமிக்குப் போயிருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டலாமா?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

எங்கள் டாக்டரம்மா புளியங்குடியில் குடியிருந்தார். அங்கேயே போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அங்கே அவளைத் தெரிந்தவர்கள் குறைவு. காது மடலில் லேசாகக் கீறி எடுத்துப் பார்த்ததில் கிருமி இல்லை. அடுத்தவருக்குப் பரவாத வகை. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டலாம் என்று டாக்டரம்மா சொன்னபோதுதான் செண்பகம் முதல்முறையாக அழுதாள்.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு வெள்ளை மாத்திரை. அதை வருஷக்கணக்கில் விழுங்க வேண்டும். முருகையாவிடம் சொல்ல அவள் சம்மதிக்கவில்லை. "அவுகளுக்குக் கோவம் வராது அண்ணாச்சி. பயந்துருவாக. பயந்தா யார்கிட்டயாவது சொல்லிருவாக." சொல்லு என்று நான் வற்புறுத்தவில்லை.

மண் விஷயத்தில்தான் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் தகராறு வந்தது. அவர் நிறுத்தச் சொன்னார். நான், தொடர்ந்து பூசட்டும் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "மண்ணைப் பூசச் சொல்றதுக்கா உங்களுக்குச் சம்பளம்?" என்றார்.

"மண்ணு இருக்கிற வரைக்கும் கடைத்தெருவுல யாரும் அந்தக் கையைப் பாக்க மாட்டாங்க டாக்டர். இன்னைக்கு மண்ணை எடுத்தா நாளைக்குத் தேமல் தெரியும். நாளன்னைக்கு மாத்திரை வாங்க அவ வர மாட்டா."

அவர் செண்பகத்தின் கையை மறுபடி திருப்பிப் பார்த்தார். பிறகு செண்பகத்திடமே சொன்னார்: தினமும் சாயங்காலம் மண்ணைக் கழுவிவிட்டுக் கையை நன்றாகப் பார்க்க வேண்டும். சூடு பட்டாலும் வெட்டுப்பட்டாலும் உனக்குத் தெரியாது, கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். புண் இருந்தால் அதன்மேல் மண் படவே கூடாது. செண்பகம் தலையாட்டினாள். வெளியே வந்தபோது டாக்டரம்மா என்னிடம், "உங்க பேச்சைக் கேட்டிருக்கேன். அதுக்காக எனக்குச் சரின்னு பட்டுட்டுன்னு நினைக்காதீங்க" என்றார். எனக்கும் அது சரிதானா என்று தெரியாது. நீங்களும் பல நாள் அப்படித் தெரியாமலேதான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

மாத்திரைகள் பார்வதி கை வழியாகப் போயின. சில மாதங்கள் நன்றாகவே போயிற்று.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. அந்த நாட்களில் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் இங்கேதான். பூ வியாபாரிக்கு வருஷத்திலேயே முக்கியமான சமயம். அந்தச் சமயத்தில் செண்பகத்தின் இடம் காலியாகக் கிடக்கிறது என்று பார்வதி வந்து சொன்னாள். பக்கத்துக் கடைக்காரியிடம் விசாரித்திருக்கிறாள். "கையெல்லாம் வீங்கிக் கெடக்காளாம். ஏதோ மாத்திரை தின்னு சூடு ஏறிட்டாம். அவ வீட்டுக்காரர் மாத்திரை எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டாராம்."

எனக்குப் புரிந்துவிட்டது. நோய் மருந்துக்கு அடங்கிவரும்போது சிலருக்குத் தேமல் சிவந்து தடிக்கும், நரம்பு வீங்கும். உடனே வேறு மருந்து கொடுக்க வேண்டும். தாமதித்தால் கை அப்படியே மடங்கிவிடும். எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியவில்லை. போகத்தான் வேண்டும். ஆனால் எப்படிப் போவது? தெருவெல்லாம் விருந்தாளிகள், ஒவ்வொரு வாசலிலும் பத்துப் பேர்.

சைக்கிளை வீட்டிலேயே விட்டேன். பார்வதியும் நானும் திருவிழாவுக்குப் போகிறவர்கள்போலக் கூட்டத்தோடு நடந்தோம். பார்வதி கையில் ஒரு தேங்காய்ப் பை.

முருகையா வாசலில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் கண் முதலில் தெருவைத்தான் பார்த்தது, யாராவது கவனிக்கிறார்களா என்று.

"என்ன சார், தெரு மாறி வந்துட்டியளா?" என்று மெதுவாகக் கேட்டான்.

எதிர்வீட்டில் பேச்சு நின்றது. ஆமாம், மாறி வந்துவிட்டோம் என்று சொல்லித் திரும்பலாம், அவள் பெயர் தப்பிக்கும். இல்லை, உன் மனைவியைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொன்னால் கை தப்பிக்கலாம். ஆனால் அவள் மறைத்து வைத்ததை அவள் வாசலிலேயே நான் போட்டு உடைத்தவன் ஆவேன்.

பார்வதிதான், "செண்பகத்தைப் பாக்க வந்தோம். கடையில காணலையே" என்றாள்.

"அவளுக்கு முடியல. தூங்குதா."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவியளை உள்ள விடுங்க. நான்தான் வரச் சொன்னேன்."

அவள் எங்களை வரச் சொல்லவே இல்லை.

உள்ளே போனோம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை மண், சுவர் பூசியதுபோல அவ்வளவு கனம். எங்களை உட்காரக்கூடச் சொல்லாமல், நின்றபடியே அவள் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நோயின் பெயரையும் அவளே சொன்னாள். நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

எனக்கு இருந்த பயத்தைச் சொல்ல முடியாது. இதைக் கேட்ட அன்றே மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்த வீடுகளை நான் பார்த்திருந்தேன். முருகையா சுவரோரமாக உட்கார்ந்தான். தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். விரலிடுக்கில் இன்னும் மண் ஒட்டியிருந்தது.

"நான் பூசுன மண்ணாலயா சார் இப்படி ஆச்சு?" என்றான்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அப்புறம் யாரும் மண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டிருப்பான். அவ்வளவு பயந்திருந்தான். ஆனால் அது உண்மையில்லை. தன் கையாலேயே மனைவியின் கையைக் கெடுத்தோம் என்கிற நினைப்போடு அவன் மீதி ஆயுளைக் கழிக்க வேண்டியிருக்கும்.

"இல்ல முருகையா. மண்ணாலயும் இல்ல, மாத்திரையாலயும் இல்ல. நோய் அடங்கும்போது சில பேருக்கு இப்படி நரம்பு வீங்கும். இப்பவே போனா சரி பண்ணலாம். மண்ணு மூடியிருக்கிறதால எவ்வளவு வீக்கம்னு தெரியல, அவ்வளவுதான்."

அவனே கழுவிவிட்டான். கை சிவந்து தடித்திருந்தது. விரல்களை நீட்டச் சொன்னேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் நீளவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். நீளவில்லை.

பஸ் எல்லாவற்றையும் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். எதிரே வருகிற கூட்டத்துக்குள் நாங்கள் நால்வர் மட்டும் வெளியே போக முண்டினோம். அவள் கையில் யாரும் இடித்துவிடாமல் முருகையா முன்னால் நடந்தான். எலுமிச்சம்பழம் இறக்கிவிட்டுப் புளியங்குடிக்குத் திரும்புகிற வேன் ஒன்று சாலையில் கிடைத்தது. பின்னால் வெற்றுச் சாக்குகள்மேல் உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான்: டாக்டரம்மா ஊரில் இருக்க வேண்டும்.

இருந்தார். நரம்பு வீக்கத்துக்கு மருந்து கொடுத்தார். கையை அசையாமல் வைக்கக் கட்டுப் போட்டார். பழைய வெள்ளை மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்றார். "திரும்ப அதேவா டாக்டர்?" என்று முருகையா கேட்டான். "அதேதான். பயமா இருக்கா?" என்றார் அவர். "ஆமா" என்றான். "எனக்கும் கொஞ்சம் பயம்தான். அதனால வாரா வாரம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் எனக்குச் சரியான தூக்கம் கிடையாது. மோதிரவிரல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. சுண்டுவிரல் முழுக்கத் திரும்பவில்லை, மடங்கியே நின்றுவிட்டது. நாரைப் பிடிக்கிற விதத்தை அவள் மாற்றிக்கொண்டாள்.

ரகசியம் நிற்கவில்லை. நாங்கள் போனதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்திருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரி தன் சாக்கைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். வாடிக்கையாக மாலை வாங்கியவர்களில் சிலர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். முருகையா தறிக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு கடைத்தெருவில் வந்து உட்கார ஆரம்பித்தான். பூக்கட்டத் தெரியாது. தண்ணீர் தெளிப்பான், இலையில் மடித்துக் கொடுப்பான். யாரும் வராத நேரத்தில் அவள் கட்டிய சரத்திலிருந்து ஒரு முழம் எடுத்து அவளிடமே கொடுப்பான், அவள் தலையில் வைத்துக்கொள்வாள். டாக்டரம்மா ஒருநாள் அந்த வழியாகப் போனபோது ஜீப்பை நிறுத்தி இறங்கி, எல்லாரும் பார்க்கப் பூ வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டார். அதனால் வியாபாரம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். பாதி திரும்பியது. பாதி திரும்பவே இல்லை.

வருஷங்கள் கழித்து, இனி மாத்திரை வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் சந்தோஷமாகச் சேதி சொல்லப் போனேன். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. "நிறுத்திட்டா வந்துராதா?" என்றாள். வராது, வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மறுநாள் காலையில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொல்லை வழியாக இல்லை, முன்வாசல் வழியாக. அந்தப் பிள்ளைகளை நான் வருஷா வருஷம் பார்த்ததுதான். ஆனாலும் பார்க்கச் சொன்னாள். பையனை முற்றத்து வெயிலில் நிறுத்தியும், பெண்ணை உள்ளே ஜன்னல் வெளிச்சத்தில் பார்வதி துணையோடும் பார்த்தேன். முதுகு, கை, கால், காது மடல். செண்பகம் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடி நின்றாள்.

"ஒண்ணுமில்ல செண்பகம். ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல" என்றேன்.

கண்ணைத் திறக்கவில்லை. "இன்னொரு தடவை பாருங்க அண்ணாச்சி" என்றாள்.

எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பையனை மறுபடி வெயிலில் திருப்பி நிறுத்தி, முதலிலிருந்து பார்த்தேன்.